ஹாரோ கவுன்சில்: யார் கையில் எது, அது அங்கே வந்த கதை, நம் சொல் ஏறும் இடம் – முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மா கதவைத் தட்டினார். எண்பதை நெருங்கும் வயது. பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் இரண்டு மாடிக்கு வீட்டை நீட்டிக் கட்டப்போகிறார் என்று அவருக்குத் தெரியவந்திருந்தது. "தம்பி, மேயருக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்றார். கையில் ஒரு படம் வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கு வந்த மேயர், பொன் சங்கிலியும் சிவப்பு அங்கியுமாக நிற்கும் படம். இந்த விஷயத்தில் மேயரால் எதுவும் செய்ய முடியாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஊருக்குப் பெரியவர் அவர்தானே?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. லண்டனில் இருபது, முப்பது ஆண்டுகள் வரி கட்டி வாழ்ந்த நம்மவர்களில் பலருக்கு, தங்கள் கவுன்சிலில் முடிவெடுப்பவர் யார் என்பது தெரியாது. தெரியாததால் தவறான கதவைத் தட்டுகிறோம். பதில் வராதபோது, நம் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். சரியான கதவு எது, எந்த நாளில் அது திறந்திருக்கும் என்பதை ஹாரோவை வைத்தே சொல்கிறேன். லண்டனின் வடமேற்கில் தமிழர்கள் செறிந்து வாழும் பரோ அது; பரோ என்றால் தனிக் கவுன்சில் கொண்ட உள்ளாட்சிப் பகுதி. ஒரு தமிழர் தலைமையேற்று நடத்திய கவுன்சிலும் அதுதான்.

படி 1: நீங்கள் இருப்பது எந்தக் கவுன்சில் என்று உறுதி செய்யுங்கள்

அஞ்சல் குறியீட்டை நம்ப வேண்டாம். எச்ஏ என்று தொடங்கும் குறியீடு எல்லாம் ஹாரோ என்று பலர் எண்ணுகிறார்கள். எச்ஏ0, எச்ஏ9 இரண்டும் வெம்பிளிப் பக்கம். அவை பெரும்பாலும் பிரென்ட் கவுன்சிலைச் சேர்ந்தவை. எச்ஏ4 ரைஸ்லிப், அது ஹிலிங்டன். எட்ஜ்வேர் என்ற ஒரே ஊர்ப்பெயருக்குள் ஹாரோ, பார்னெட், பிரென்ட் என்று மூன்று பரோக்கள் சந்திக்கின்றன. ரோமானியர் காலத்துச் சாலையின் தடத்தில் ஓடும் ஏ5 நெடுஞ்சாலைதான் அங்கே எல்லைக்கோடு.

கென்டன் ரோட்டில் நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். சாலையின் வடபக்கம் ஹாரோ, தென்பக்கம் பிரென்ட். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே கடையில் முருங்கைக்காய் வாங்குவார்கள். ஆனால் குப்பைத்தொட்டியும் வரித்தொகையும் வாக்களிக்கும் இடமும் வேறுவேறு. அரசாங்க இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் கவுன்சிலின் பெயர் வந்துவிடும். அப்படியே உங்கள் வார்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

படி 2: எந்த வேலை எந்த மட்டத்தில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

லண்டனில் ஆட்சி இரண்டு அடுக்கு. மேலே லண்டன் மேயரும் 25 உறுப்பினர் கொண்ட லண்டன் அசெம்பிளியும். பஸ், சுரங்க ரயில், போலீஸ், தீயணைப்பு ஆகியவை அங்கே. கீழே 32 பரோ கவுன்சில்களும் பழைய நகரமான சிட்டி ஆஃப் லண்டனும். குப்பை, உள்ளூர்ச் சாலைகள், வாகன நிறுத்தம், நூலகம், பூங்கா, பள்ளிச் சேர்க்கை, முதியோர் மற்றும் குழந்தைகள் நலச்சேவை, கவுன்சில் வீடுகள், கட்டட அனுமதி, கடைகளுக்கான உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாம் பரோவின் பொறுப்பு. மருத்துவமனையும் விசாவும் இந்த இரண்டில் எதிலும் இல்லை. அவற்றுக்கு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். கவுன்சிலரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே கட்சியாக இருக்கலாம், ஒரே மேடையில் நிற்கலாம். ஆனால் வேலை வேறு.

லண்டனுக்கு வெளியே இருக்கும் உறவினருக்கு இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். சில இடங்களில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு கவுன்சில்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பள்ளி கவுண்டியிடம், குப்பை டிஸ்ட்ரிக்டிடம். அவற்றை ஒன்றாக இணைக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது.

படி 3: நாற்காலிகளை அடையாளம் காணுங்கள்

ஹாரோவில் 22 வார்டுகள், 55 கவுன்சிலர்கள். ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு அல்லது மூன்று பேர். 2022 வரை 21 வார்டுகளும் 63 கவுன்சிலர்களும் இருந்தார்கள். எல்லைகளைத் திருத்தி எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

மேயர்: கவுன்சிலர்களில் ஒருவர். ஆண்டுதோறும் மே மாதக் கூட்டத்தில் சக கவுன்சிலர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவைக்குத் தலைமை தாங்குவார், விழாக்களுக்குப் போவார், பரோவின் முதல் குடிமகனாக மதிக்கப்படுவார். ஆட்சி அவரிடம் இல்லை. இதில் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. ஹாக்னி, நியூஹாம், லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரொய்டன் ஆகிய ஐந்து பரோக்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே முழு நிர்வாகமும் மேயர் கையில். ஈஸ்ட் ஹாமில் வாழும் உங்கள் அண்ணன் "மேயரிடம் சொன்னேன், நடந்தது" என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஹாரோவில் அது பொருந்தாது.

தலைவர்: ஆங்கிலத்தில் லீடர். உண்மையான அதிகாரம் இங்கே. பெரும்பான்மைக் கட்சியின் கவுன்சிலர்கள் தங்களுக்குள் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு முழு அவை அவரை உறுதி செய்யும். தலைவர் தன் கேபினெட்டை அமைக்கிறார். சட்டப்படி அவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. நிதி, வீட்டுவசதி, கல்வி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறை.

இந்த முறை பழையதன்று. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்கு முன் எல்லாக் கட்சியினரும் அமர்ந்த குழுக்கள்தான் முடிவெடுத்தன. எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் கல்விக் குழுவில் வாக்களித்தார். அந்தச் சட்டம் பெரிய கவுன்சில்களில் முடிவெடுக்கும் உரிமையைச் சிலர் கைக்கு மாற்றியது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பியவர்கள் பழைய முறைக்குத் திரும்பலாம் என்றது. அண்டையிலுள்ள பார்னெட் 2014இல் திரும்பிப் போய், 2023இல் மறுபடியும் கேபினெட்டுக்கே வந்தது. கேபினெட் வேகமானது, யார் பொறுப்பு என்பதும் தெளிவு. ஆனால் ஐம்பத்தைந்து பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர்களில் பெரும்பாலோரைப் பார்வையாளராக வைத்திருக்கிறது. அதை ஈடுகட்டத்தான் கண்காணிப்புக் குழுக்கள். கேபினெட் எடுத்த முடிவு நடைமுறைக்கு வருமுன் அதைத் திரும்ப அழைத்து விசாரிக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. அவற்றின் வேலை செய்தித்தாளில் அதிகம் வருவதில்லை. நான் மிகவும் மதிக்கும் வேலை அது.

கட்டட அனுமதியும் உரிமமும் கேபினெட்டிடம் இல்லை. அவற்றுக்குத் தனிக் குழுக்கள். கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப இடங்கள். கட்டட அனுமதிக் குழுவில் கட்சிக் கொறடாவின் பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் தகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அதிகாரிகள்: சம்பளம் வாங்கும் ஊழியர்கள், எந்தக் கட்சிக்கும் உரியவர்கள் அல்லர். மூன்று பதவிகள் சட்டப்படி கட்டாயம்: நிர்வாகத் தலைவர், நிதிக்குப் பொறுப்பான அதிகாரி, கவுன்சில் சட்டப்படியும் ஒழுங்காகவும் நடப்பதைக் கவனிக்கும் கண்காணிப்பு அதிகாரி. இவர்களில் நிதி அதிகாரி கையில் இருக்கும் ஓர் ஆயுதத்தைப் பற்றி படி 5இல் சொல்கிறேன். கவுன்சிலர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒரு படித்தொகை மட்டும். பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிறார்கள். மின்னஞ்சலுக்கு மறுநாளே பதில் வரவில்லை என்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 4: வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போக நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். ஹாரோவில் எந்த வாக்கு எங்கே எடை பெறுகிறது என்பது இந்தக் கதையில்தான் இருக்கிறது.

மெட்ரோபாலிட்டன் ரயில் ஹாரோவுக்கு 1880இலும் பின்னர் என்ற ஊருக்கு 1885இலும் வந்தது. அதற்கு முன் இவை மிடில்செக்ஸ் கவுண்டியின் கிராமங்கள். குன்றின் மேல் புகழ்பெற்ற தனியார் பள்ளி, கீழே வயல். இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ரயில் பாதையை ஒட்டி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. இன்று நாம் குடியிருக்கும், முன்பக்கம் வளைந்த சன்னல் கொண்ட இரட்டை வீடுகளில் பெரும்பாலானவை அந்த நாளில் கட்டியவை. இன்னொரு பக்கம் வீல்ட்ஸ்டோன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோடக் நிறுவனம் அங்கே தொழிற்சாலை தொடங்கியது. 2016 வரை அது இயங்கியது. ஹேட்ச் எண்ட், ஸ்டான்மோர், பின்னர் ஆகிய ஊர்களின் பக்கம் நகரத்துக்கு ரயிலேறிப் போகும் அலுவலர்கள். வீல்ட்ஸ்டோன், ராக்ஸ்போர்ன் பக்கம் உழைப்பாளிகள். நீண்ட காலம் முதல் பக்கம் கன்சர்வேடிவ், இரண்டாம் பக்கம் லேபர்.

1934இல் இந்த ஊர்களை இணைத்து ஹாரோ நகர்ப்புற மாவட்டம் உருவானது. 1954இல் அது முனிசிபல் பரோவாக உயர்ந்தது. அதன் பிறகுதான் பெரிய மாற்றம். லண்டனின் நிர்வாகத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் ஆணையம் 52 பரோக்களைப் பரிந்துரைத்தது. அரசு அதை 32ஆகக் குறைத்தது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்றது. 1963இன் லண்டன் அரசாங்கச் சட்டத்தால் மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சில் மறைந்தது. வெம்பிளியும் வில்ஸ்டனும் இணைந்து பிரென்ட் ஆயின. ஹென்டனும் ஃபின்ச்லியும் இன்னும் சில ஊர்களும் சேர்ந்து பார்னெட். ஹாரோவில் மட்டும் அப்போதே 2 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். அதனால் 32 பரோக்களில் இது ஒன்றே வேறு எந்த ஊரோடும் சேராமல், பழைய எல்லையோடு 1965 ஏப்ரல் 1ஆம் தேதி லண்டன் பரோ ஆனது. ஹாரோக்காரர்களிடம் இன்றும் காணும் "நாங்கள் தனி" என்ற உணர்வுக்கு இதுவும் ஒரு வேர் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் கன்சர்வேடிவ் கோட்டை. 1971 முதல் 1974 வரை யாருக்கும் பெரும்பான்மை இல்லாத இடைவெளியைத் தவிர, 1994 வரை அவர்களே. அந்த ஆண்டுகளுக்குள் பரோவின் முகம் மாறிவிட்டது. 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட ஆசியர்கள் வந்தார்கள். குஜராத்திகள் கென்டனிலும் வெம்பிளியிலும் நிலைகொண்டார்கள். 1983க்குப் பிறகு ஈழத்தமிழர்கள் வந்தார்கள். முதலில் வாடகை அறை, பிறகு சொந்த வீடு. ரேய்னர்ஸ் லேனிலும் வெஸ்ட் ஹாரோவிலும் தமிழ்க் கடைகள். 2021 கணக்கெடுப்பில் பரோவின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 61 ஆயிரம்.

1994இல் கோட்டை விழுந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அவையை லிபரல் டெமாக்ரட்டுகள் நடத்தினார்கள். 1998இல் லேபர் வென்றது, 2002இல் மறுபடியும் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, 2006இல் கன்சர்வேடிவ், 2010இல் லேபர். நான்காண்டுக்கு ஒருமுறை ஊசல் ஆடியது.

அடுத்து வந்த கட்டம் நம்மவர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. 2012இல், இலங்கையில் பிறந்த தமிழரான தயா இடைக்காடர் லேபர் கட்சியின் சார்பில் ஹாரோ கவுன்சிலின் தலைவரானார். மேயர் பதவியைப் போல விழாப் பதவி அல்ல இது. ஒரு பரோவின் முழு நிர்வாகப் பொறுப்பு. 2013இல் லேபர் குழுவுக்குள் தலைமை குறித்துப் பிளவு ஏற்பட்டது. அவரும் அவரோடு நின்ற சில கவுன்சிலர்களும் பிரிந்து சுயேச்சை லேபர் குழுவை அமைத்தார்கள். லேபர் பெரும்பான்மையை இழந்தது. சில மாதங்கள் அந்தச் சிறிய குழுவே நிர்வாகத்தை நடத்தியது. செப்டம்பரில் அவை மறுபடியும் மாறி, கன்சர்வேடிவ் கட்சியின் சூசன் ஹால் தலைவரானார். 2024இல் லண்டன் மேயர் தேர்தலில் சாதிக் கானை எதிர்த்துப் போட்டியிட்டவர் அவர்தான். 2014 மே தேர்தலில் லேபர் திரும்பியது.

யார் சரி, யார் தவறு என்பதைப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பொதுத்தேர்தல் எதுவும் நடக்காமலே ஒரே ஆண்டில் மூன்று நிர்வாகங்களை ஹாரோ கண்டது. ஒரு கவுன்சில் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சிக் குழுவின் மூடிய அறையில் ஒரு வாக்கெடுப்பு, திறந்த அவையில் இன்னொன்று. அந்த இரண்டில் சில கைகள் இடம் மாறினால் ஆட்சி மாறுகிறது. அந்தக் கைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வார்டில் சில நூறு வாக்குகளில் வென்ற கைகளாக இருக்கலாம்.

2018இல் லேபர் 35, கன்சர்வேடிவ் 28. 2022 மே மாதம் லண்டன் முழுவதும் லேபர் அலை. வாண்ட்ஸ்வொர்த், வெஸ்ட்மின்ஸ்டர், பார்னெட் ஆகிய மூன்றையும் கன்சர்வேடிவ் கட்சி இழந்தது. அதே தேர்தலில் ஹாரோவை அது கைப்பற்றியது: 31க்கு 24. நாட்டின் காற்று ஒரு திசையில் வீசும்போது ஓர் ஊர் எதிர்த்திசையில் போனால் காரணம் உள்ளூரில்தான் இருக்கும். வரிச்சுமை, தெருத் தூய்மை, வாகன நிறுத்தம், உயரமான கட்டடங்கள் ஆகியவற்றைப் பற்றித்தான் வாசலில் பேச்சு. கொரோனா காலத்தில் சில தெருக்களில் வாகனங்களைத் தடுத்து வைத்த திட்டங்களை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு லேபர் நிர்வாகமே 2021இல் அகற்ற நேர்ந்தது. குடியேறிய சமூகங்கள் எல்லாம் லேபருக்கே என்ற பழைய கணக்கும் இங்கே பொய்த்துவிட்டது. 2024 பொதுத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி நாடு முழுவதும் சரிந்தபோதும், ஹாரோ ஈஸ்ட் தொகுதியை அதன் வேட்பாளர் பாப் பிளாக்மன் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளோடு தக்கவைத்தார். பக்கத்துத் தொகுதியான ஹாரோ வெஸ்ட் லேபரின் கேரத் தாமஸிடம். தண்டவாளத்தை ஒட்டி வரைந்த பழைய கோடு இன்னும் முழுவதும் அழியவில்லை. ஆனால் இரு பக்கமும் வாழும் மக்கள் மாறிவிட்டார்கள்.

படி 5: வரி பில்லை மேசையில் விரித்துப் படியுங்கள்

மார்ச் மாதம் வரும் கவுன்சில் வரித் தாளை எடுங்கள். மேலே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஏ முதல் எச் வரை எட்டு வகை. உங்கள் வீடு 1991 ஏப்ரல் 1ஆம் தேதி என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே அந்த எழுத்து. 40,000 பவுண்டு வரை ஏ. 3,20,000க்கு மேல் எச். இன்றைய விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தில் யாரும் மறுமதிப்பீடு செய்யத் துணியவில்லை. 1990இல் தலைவரி கொண்டுவந்து நாடே கொதித்ததும், மார்கரெட் தாட்சர் அந்த ஆண்டே பதவி இழந்ததும் அரசியல்வாதிகள் மறக்காத பாடம். 1993இல் அதற்கு மாற்றாக வந்ததுதான் இந்த வரி. எச் வகை வீடு ஏ வகையைப் போல மூன்று மடங்கு கட்டும். அதற்கு மேல் இல்லை, அரண்மனையாக இருந்தாலும்.

கீழே வரிகளைப் பாருங்கள். ஹாரோவின் பங்கு, முதியோர் பராமரிப்புக்கான தனிப் பங்கு, லண்டன் மேயர் நிர்வாகத்துக்கான பங்கு. கடைசியானதைக் கவுன்சில் வசூலித்து மேலே அனுப்பிவிடுகிறது. அதற்காக உங்கள் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. ஆண்டு உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அண்மை ஆண்டுகளில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதைத் தாண்ட வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். ஹாரோவின் வரி லண்டனில் உயர்ந்தவற்றில் ஒன்று. மைய அரசின் மானியம் இதற்குக் குறைவாகக் கிடைப்பது முக்கியக் காரணம். எந்தக் கட்சி வந்தாலும் இந்தச் சுவரில்தான் முட்டுகிறது.

தனியாக வாழ்பவருக்கு 25 சதவீதக் கழிவு உண்டு. கணவரை இழந்து தனித்திருக்கும் எத்தனையோ அம்மாக்கள் இதைக் கேட்டு வாங்காமல் முழு வரியும் கட்டி வருகிறார்கள். முழுநேர மாணவர்கள் மட்டும் வாழும் வீட்டுக்கு வரி இல்லை. வருமானம் குறைந்தவர்களுக்குத் தனி உதவித் திட்டம். கேட்டால்தான் கிடைக்கும்.

நிதி அதிகாரியின் ஆயுதம் என்றேனே, அது பிரிவு 114 அறிவிப்பு. வரவு செலவைச் சமன்செய்ய முடியாது என்று அவர் முடிவுக்கு வந்தால் அதை வெளியிட வேண்டும்; கட்டாயச் சேவைகள் தவிரப் புதிய செலவு எல்லாம் நின்றுபோகும். குரொய்டனில் 2020இலும் பர்மிங்காமில் 2023இலும் இது நடந்தது. இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் "திவாலாகிவிட்டது" என்று செய்தி வந்தால் பொருள் இதுதான்.

படி 6: பட்டியலில் பெயர், கையில் அடையாள அட்டை

குடியுரிமை கிடைத்தால்தான் வாக்கு என்று நினைத்து ஆண்டுகளை வீணாக்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அவற்றின் குடிமக்கள் இங்கே தங்கச் செல்லுபடியாகும் அனுமதியோடு இருந்தால், கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். நேற்று படிக்க வந்த மாணவருக்கும் இது பொருந்தும், பதினெட்டு வயது நிறைந்திருந்தால். தேர்தலுக்கு 12 வேலைநாட்களுக்கு முன் பெயர் பதிவாக வேண்டும்.

லண்டன் பரோக்களில் எல்லா இடங்களுக்கும் நான்காண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் ஒரே நாளில் தேர்தல். மூன்று பேர் வார்டு என்றால் உங்களுக்கு மூன்று வாக்குகள். ஒரே பெட்டியில் குறியிட்டுவிட்டு மீதி இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்வது செல்லும். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். ஒரே கட்சிக்கு மூன்றையும் தரலாம், பிரித்தும் தரலாம்.

புகைப்பட அடையாளம் 2023 மே முதல் கட்டாயம். இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டும் செல்லும். காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். முதல் பத்தியில் சொன்ன அம்மாவை 2024 மே மாதம் லண்டன் மேயர் தேர்தலுக்கு நான்தான் அழைத்துப் போனேன். பாஸ்போர்ட் எங்கே வைத்தார் என்று நினைவில்லை என்று வாசலிலேயே தயங்கினார். முதியோருக்கான இலவசப் பயண அட்டையை எடுத்துக் காட்டச் சொன்னேன். மேசையில் இருந்த பெண் அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டை நீட்டினார். நூலில் கட்டிய பென்சிலோடு அவர் தடுப்புக்குள் நின்ற நேரம் நீண்டது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

வேட்பாளராக நிற்பதும் நாம் எண்ணுவதுபோலக் கடினமன்று. வைப்புத்தொகை இல்லை. முன்மொழியவும் வழிமொழியவும் வார்டு வாக்காளர் இருவர் போதும். ஆனால் அந்தக் கவுன்சிலிலேயே வேலை செய்பவர் நிற்க முடியாது.

படி 7: சரியான கதவு, சரியான நாள்

கேபினெட்டின் முக்கிய முடிவுகள் 28 நாட்களுக்கு முன்பே பட்டியலாக வெளிவர வேண்டும். கூட்டத்தின் ஆவணங்கள் ஐந்து முழு வேலைநாட்களுக்கு முன்பு. முடிவான பிறகு போராடுவதைவிட, அந்த 28 நாட்களில் அனுப்பும் ஒரு மின்னஞ்சலுக்கு வலு அதிகம். கூட்டங்களில் பார்வையாளராக அமரலாம், ஒளிப்பதிவும் செய்யலாம். 2014 முதல் அது சட்டப்படியான உரிமை. வரவு செலவுத் திட்டத்தை முழு அவை பிப்ரவரியில் நிறைவேற்றும். ஆகவே நூலகத்தை மூட வேண்டாம் என்று கேட்க வேண்டியது இலையுதிர் காலத்தில். வரித் தாள் வந்த பிறகு காலம் கடந்துவிடும்.

சேவையில் குறை என்றால் முதலில் துறைக்கு எழுதுங்கள். குறிப்பு எண் வாங்குங்கள். நகரவில்லை என்றால் அந்த எண்ணோடு வார்டு கவுன்சிலருக்கு. பெரும்பாலான கவுன்சிலர்கள் மாதம் ஒருமுறையாவது நூலகத்திலோ மண்டபத்திலோ நேரில் சந்திக்கிறார்கள். முறையான புகாரின் எல்லாக் கட்டங்களும் முடிந்த பிறகும் நியாயம் கிடைக்காவிட்டால் உள்ளாட்சி ஓம்பட்ஸ்மேன், அதாவது கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திரமான அமைப்பு. நீங்கள் சிக்கலை அறிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை. தகவல் வேண்டுமானால் தகவலறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 20 வேலைநாட்களுக்குள் பதில். கணக்குப் புத்தகத்தையே பார்க்க வேண்டுமா? ஆண்டுக்கு 30 வேலைநாட்கள் எவரும் கணக்குகளைப் புரட்டிப் பார்க்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்திய தமிழர் எவரையும் நான் இன்னும் சந்தித்ததில்லை. சந்திக்க ஆசை.

கட்டட அனுமதிக்கு வருகிறேன். விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிய ஒரு தாள், அல்லது பக்கத்து வீட்டார் என்ற முறையில் உங்களுக்கு ஒரு கடிதம். அதில் விண்ணப்ப எண்ணும் கடைசி நாளும் இருக்கும். கருத்துச் சொல்ல 21 நாட்கள். பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே முடிவு செய்துவிடுகிறார்கள். குழுவுக்குப் போவது சிறு பங்கு. அனுமதி மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டாருக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே அந்த 21 நாட்கள்தான் உங்கள் காலம்.

எதை எழுதுவது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். வீட்டு விலை குறையும், காட்சி மறையும், அந்தக் குடும்பத்தோடு எங்களுக்கு ஒத்துப்போகாது – இவை எதுவும் சட்டத்தின் கண்ணில் காரணம் ஆகா. வெளிச்சம் குறைவது, அந்தரங்கம் கெடுவது, கட்டடம் நெருக்கி நிற்பது, போக்குவரத்து, வாகன நிறுத்தம் ஆகியவை காரணம் ஆகும். நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திடுவதைவிட, ஒருவர் அளவுகளோடு எழுதும் கடிதம் அதிகாரியின் அறிக்கையில் இடம்பெற வாய்ப்பு அதிகம்.

அந்த அம்மா முதலில் சொல்லச் சொன்னவை: வீட்டு விலை, பக்கத்து வீட்டாரின் சத்தம், சன்னல் ஓரத்தில் அவர் பத்தாண்டுகளாக வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி. கடிதத்தில் மேயர் என்ற சொல்லே இல்லாமல், கட்டட அனுமதித் துறைக்கு விண்ணப்ப எண்ணைப் போட்டு எழுதினோம். சமையலறையின் ஒரே சன்னலை அளந்தோம். அதிலிருந்து எல்லை வேலி எத்தனை அடி, மாடிச் சுவர் எவ்வளவு தூரம் நீளும், மாடியின் பக்கச் சன்னல் யாருடைய குளியலறையை நோக்கும் – எல்லாம் ஒரு பக்கத்துக்குள். நகலை மூன்று வார்டு கவுன்சிலர்களுக்கும் அனுப்பினோம். ஒருவர் நேரில் வந்து சமையலறையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மாடி எழுந்தது. ஆனால் திருத்திய வரைபடத்தில் மேல்தளம் முதலில் கேட்ட அளவுக்கு நீளவில்லை. பக்கச் சன்னலில் மங்கலான கண்ணாடி மட்டுமே இருக்க வேண்டும் என்று அனுமதியில் நிபந்தனையும் சேர்ந்தது. செடி அதே சன்னலில் இருக்கிறது. போன வாரமும் ஒரு கொத்துப் பறித்துக் கொடுத்தார்.